வெல்லம் எங்கே போயிற்று?

அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூருக்கு வரும் ரயில்களிலும் பஸ்களிலும் கால் வைக்க இடம் இராது. தை அமாவாசையென்றால் சொல்ல வேண்டியதேயில்லை. திருவெவ்வுள் என்று பழம் பெயர் கொண்ட அத்தலத்தில் பள்ளிகொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளை மக்கள் வைத்தியராகவே கொண்டாடுகிறார்கள். கோயிலின் குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். உள்ளத்துத் தாபத்தைப் போக்குவது என்று பொருள். பிணியுற்றோர் வெல்லம் வாங்கி வந்து அக்குளத்தில் கரைப்பது நெடுநாளைய வழக்கம். வெல்லம் கரைவதுபோல் நோயும் கரைந்து போகும் என்பது நம்பிக்கை.

நாம் குடியிருக்கும் காக்களூரிலிருந்து குளக்கரை நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது. காக்களூர் என்றவுடன் இக்காலத்தவர்க்குத் தொழிற்பேட்டையும் பால் பண்ணையுமே நினைவுக்கு வரும். எமக்கோ ஏரிக்கரைக் காற்றும், அமாவாசையன்று விடிவதற்கு முன்பே வெல்லப் பொட்டலத்துடன் குளத்தை நோக்கி நடக்கும் ஜனங்களும் நினைவுக்கு வருவர். அப்படியொரு காலையில் படித்துறையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பாட்டி முழங்கால் வலி நீங்க வேண்டுமென்று ஓர் அச்சு வெல்லத்தைப் பொடித்து நீரில் விட்டார். அருகில் குந்தியிருந்த பேத்தி வெகுநேரம் நீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெல்லம் எங்கே பாட்டி போச்சு?"

"பெருமாள் எடுத்துக்கிட்டாரு, கண்ணு."

பாட்டியின் பதிலில் குறை காண நாம் யார்? ஆயினும் இருபது ஆண்டுகளாகப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான பாடம் நடத்தி வருபவர்க்கு, குழந்தை கேட்ட கேள்வி காலில் தைத்த முள்ளைப் போன்றது. எடுக்காமல் நடக்க இயலாது. வெல்லம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. இதனை வீட்டிலேயே பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரு செம்பு நீரை நிறுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கிராம் உப்பை அதிலிட்டுக் கலக்கிவிட்டு மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். சரியாகப் பத்துக் கிராம் கூடியிருக்கும். கண்ணுக்கு மறைந்ததேயொழியத் தராசுக்கு மறையவில்லை. நாவுக்கும் மறையவில்லை. பிறகு அந்நீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள்; இரண்டு மூன்று நாட்களில் நீர் போய்விடும், உப்பு திரும்பி வந்துவிடும்.

மறைந்ததன் காரணம் இதுதான். உப்புப் பரல் என்பது சோடியம், குளோரின் என்னும் இருவகை அணுக்கள் மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று இழுத்தபடி ஒழுங்காக அடுக்கி நிற்பது. நீரின் மூலக்கூறோ ஒரு பக்கம் சற்றே நேர் மின்னும், மறுபக்கம் சற்றே எதிர் மின்னும் கொண்டது. ஆகவே அது இரு வகையாரையும் இழுக்கவல்லது. பரலின் விளிம்பில் நிற்கும் ஒவ்வோர் அணுவையும் நீர் மூலக்கூறுகள் பலவாகச் சூழ்ந்துகொண்டு, திருவிழாக் கூட்டம் தனித்து நின்றவனை அள்ளிச் செல்வதுபோல் அள்ளிச் செல்கின்றன. சர்க்கரைக்கு மின்னேற்றம் இல்லையெனினும், அதன் உடலெங்கும் நீர் பற்றிக்கொள்ளத் தக்க பிடிகள் உண்டு. எண்ணெய்க்கு அவை இல்லை; எனவே எண்ணெயும் நீரும் எத்தனை காலம் ஒரே பாத்திரத்தில் இருந்தாலும் உறவாடுவதில்லை. நம்மூர்ப் பண்ணையில் பதமாகும் பாலும் முழுதும் கரைசலன்று. அதிலுள்ள சர்க்கரையும் சில உப்புகளும் கரைந்திருக்கின்றன. கொழுப்பு சிறு திவலைகளாக மிதக்கின்றது. வெண்மையாகத் தோன்றுவதே முழுதும் கரையவில்லை என்பதற்குச் சாட்சி.

ஒரு பொருளை நீர் எவ்வளவுதான் ஏற்றுக்கொள்ளும்? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால், "நன்றாகக் கலக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும்" என்று பாதிப் பிள்ளைகள் கூறுவார்கள். உடனே ஒருவனை அழைத்து, நூறு கிராம் நீரும் ஒரு பொட்டலம் உப்பும் கரண்டியும் கொடுத்துவிடுவோம். முப்பது கிராம் வரையில் உற்சாகமாகக் கலக்குவான். முப்பத்தாறைத் தாண்டினால் கை வலிக்கக் கலக்கினாலும் மிச்சம் அடியிலேயே நிற்கும். கலக்குவதாலும் பொடிப்பதாலும் வேகம் கூடுமேயன்றி எல்லை கூடாது. இந்த எல்லையை அடைந்த நீரைத்தான் பாடநூல்கள் தெவிட்டிய கரைசல் என்று அழைக்கின்றன. சொல்லை ஆக்கியவர் யாரோ, அவருக்கு நமது வணக்கம். பாயசம் தெவிட்டுவதை அறியாத தமிழ்க் குழந்தை உண்டோ?

தெவிட்டிய பின் நீர் சும்மா இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. அடியில் கிடக்கும் உப்பிலிருந்து அணுக்கள் ஓயாமல் நீருக்குள் போய்க்கொண்டேயிருக்கின்றன. அதே அளவு அணுக்கள் நீரிலிருந்து திரும்பி வந்து பரலில் ஒட்டிக்கொண்டேயிருக்கின்றன. வரவும் செலவும் சமமாகிவிடுவதால் கணக்கில் மாற்றம் தெரிவதில்லை. இதற்கு ஓர் அழகான சோதனையுண்டு. மூலை உடைந்த படிகாரக் கட்டி ஒன்றை நூலில் கட்டி, படிகாரம் தெவிட்டிய கரைசலில் தொங்கவிட்டு, நீர் ஆவியாகாதபடி மூடி வையுங்கள். நாட்கள் செல்லச் செல்ல உடைந்த மூலை வளர்ந்து சீராகும். ஆனால் கட்டியின் எடை மட்டும் அவ்வளவேதான்!

ஒவ்வொரு பொருளுக்கும் எல்லை வேறு. நூறு கிராம் நீர் உப்பில் முப்பத்தாறு கிராமோடு போதுமென்கிறது. சர்க்கரையானால் சாதாரண உஷ்ணத்தில் இருநூறு கிராமையும் விழுங்கிவிடும், அதாவது தன்னைப்போல் இரு மடங்கு. ஜிப்சமோ கால் கிராம்கூடக் கரைவதில்லை. உஷ்ணத்தின் செயலும் ஒரே மாதிரியன்று. கொதிக்கும் நீரிலும் உப்பு முப்பத்தொன்பது கிராமுக்கு மேல் ஏறாது. சர்க்கரையோ ஏறக்குறைய ஐந்நூறு கிராம்வரை கரையும்.

இவ்விஷயத்தில் நமது இல்லத்தரசிகள் எந்த ரசாயன சாலைக்கும் இளைத்தவர்களல்லர். ஒற்றைக் கம்பிப் பாகு, இரட்டைக் கம்பிப் பாகு, உருண்டைப் பாகு என்று விரலால் தொட்டே நீரின் அளவை நிர்ணயிக்கும் சாஸ்திரம் அவர்களுடையது. பாகு ஆறும்போது நிகழ்வதைக் கவனியுங்கள். சூட்டில் இடம் பெற்ற சர்க்கரைக்குக் குளிர்ந்த நீரில் இடமில்லை. ஆயினும் உடனே வெளியேறாமல் தயங்கி நிற்கும். இதுவே அதிதெவிட்டிய கரைசல். அந்த நிலையில் பாத்திரத்தின் ஓரத்தில் கரையாமல் ஒட்டியிருந்த ஒரே ஒரு சர்க்கரைப் பரல் உள்ளே விழுந்தால் போதும், அதைச் சுற்றி எல்லாம் திரண்டு பாகு பூத்துவிடும். எலுமிச்சம்பழச் சாறு சில துளி விடும் வழக்கம் இதைத் தடுப்பதற்கே. புளிப்பினால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுகோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டாகப் பிரிந்து, பரல்கள் அடுக்கப்படுவதற்கு இடைஞ்சல் செய்கிறது. நமக்கு வேண்டாத இதே பூத்தலை வேண்டிச் செய்தால் கற்கண்டு. பதநீரைக் காய்ச்சிப் பானையிலிட்டு நூலைத் தொங்கவிட்டுப் பல வாரம் அசையாமல் காத்திருந்து பனங்கற்கண்டு எடுக்கிறார்களே, அந்தப் பொறுமையைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். தேன் உறைந்துவிட்டால் கலப்படம் என்று கடைக்காரருடன் சண்டையிடுவோர் பலர். பாவம், அவர்மீது குற்றமில்லை. தேனும் இயல்பிலேயே அதிதெவிட்டிய கரைசல்தான், கலப்பில்லாத தேனும் உறையும்.

நிற்க. நீர் எல்லையை அடைவதை ஒரு தேசமே பார்த்துக்கொண்டிருந்த சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 1930 ஏப்ரல் 6 அன்று தண்டியில் மகாத்மா உப்பை எடுத்தார். அதே மாதம் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார். 30 அன்று உப்பு எடுத்துக் கைதானார். கடலோரப் பட்டினங்கள் பலவற்றில் தொண்டர்கள் கடல்நீரைப் பானைகளில் முகந்து காய்ச்சவும் செய்தார்கள். காய்ச்சுவதில் உள்ள சிரமத்தை நாம் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். கடல்நீர் ஒரு லிட்டரில் பலவகை உப்புகளும் சேர்ந்து 35 கிராம் அளவு. அவற்றுள் சோற்றுப்பு 27 கிராம். பத்து லிட்டர் பானையில் 270 கிராம் உப்பு. அவ்வளவு உப்பைத் தாங்க முக்கால் லிட்டர் நீரே போதும். ஆகவே ஒன்பது லிட்டருக்கு மேல் நீர் ஆவியாகும் வரையில் ஒரு மணி உப்பும் கண்ணில் படாது! புகையில் கண் எரிய அடுப்பூதி, போலீஸார் எந்த நிமிஷத்தில் வந்து பானையை உடைப்பார்களோ என்ற நிலையில், வெறும் நீர் கொதிப்பதையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மன உறுதியை எந்த மானியைக் கொண்டு அளப்பது? அவர்கள் எதிர்த்த உப்பு வரி 1947இல் ஒழிந்தது.

வேதாரண்யத்துச் சதுப்பிலே கையால் அள்ளும்படி உப்பு கிடைத்ததற்கும் இதே விதிதான் காரணம். அங்கே அடுப்பின் வேலையைச் சித்திரை வெயில் முன்னதாகவே செய்து வைத்திருந்தது. உப்பளங்களில் நடப்பதும் அதுவே. தூத்துக்குடியிலும், ஒரு காலத்தில் நமது ஜில்லாவின் கரையில் எண்ணூர்க் கழியை ஒட்டி இருந்த அளங்களிலும் முறை ஒன்றே. கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்து படியும், பிறகு ஜிப்சம், அப்புறமே சோற்றுப்பு. எதற்குத் தாங்குதிறன் குறைவோ அது முந்தி வெளியேறுகிறது. போமே என்பாரின் பெயர் கொண்ட மானியை மிதக்கவிட்டால் கடல்நீர் மூன்று சொச்சம் பாகை காட்டும். இருபத்தைந்தை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். முப்பதை நெருங்குமுன் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து விளைச்சலைக் கசப்பாக்கிவிடும். உப்பு "விளைகிறது" என்று நெல்லைப்போல் பேசும் நமது மொழி வழக்கு எத்தனை பொருத்தம்!

விளையும் உப்பு கண்ணுக்குத் தெரியும். எல்லைக்கு உட்பட்டுக் கரைந்து கிடப்பதோ தெரியாது. கவலை அங்கேதான் தொடங்குகிறது. பளிங்குபோல் தெளிந்த நீர் நல்ல நீர் என்பது நாம் பரம்பரையாகக் கொண்ட எண்ணம். குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு வழியில்லாவிடில் 2,000 வரையில் பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கிறது. இரண்டு நீரையும் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் வைத்தால் எது எதுவென்று எவராலும் பார்த்துச் சொல்லவியலாது. நமது ஜில்லாவில் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததனால் சென்ற நூற்றாண்டிலேயே கடல்நீர் பூமிக்கடியில் உள்ளே புகுந்தது. கிணற்று நீரின் நிறம் மாறவில்லை. பயிர் வாடியபோதும் நாவில் கரித்தபோதுமே விஷயம் புலப்பட்டது. 2010இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது; அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கரைந்ததைப் பிரித்தெடுக்க எவ்வளவு பாடு பாருங்கள். நீரைச் சவ்வுகளின் வழியே பெரும் அழுத்தத்தில் பிழிந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைக் கழிவு நீரை "கரைத்து விட்டுவிட்டால் போயிற்று" என்று கருதுவோர் இச்செலவைக் கொஞ்சம் எண்ணிப் பார்த்தால் நல்லது.

வீட்டிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். பேதியால் வாடும் குழந்தைக்கு உப்புச் சர்க்கரை நீர் உயிர் காப்பது. 1971இல் வங்க எல்லையில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இத்தகைய கரைசலை வாய் வழியே கொடுத்து ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். மருந்துக் கடைப் பொட்டலம் கிடைக்காவிடில் ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் என்பது கணக்கு. உப்பு இரண்டு கரண்டி விழுந்தாலும் நீர் தெளிவாகவே இருக்கும், குழந்தைக்கு ஆபத்து. ஆகையால் இங்கே கண்ணை நம்பாமல் கரண்டியை நம்புக.

திரும்பவும் குளக்கரைக்கு வருவோம். குளத்து நீர் வெல்லத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஏற்கும். தெவிட்டும் பேச்சே இல்லை. ஆனால் அதே நீரில் வேறொன்றும் கரைந்திருக்கிறது. அதற்கு எல்லை மிக மிகக் குறுகியது. மீன்கள் சுவாசிக்கும் பிராணவாயுவைச் சொல்லுகிறோம். வாயுக்களின் வழக்கம் சர்க்கரைக்கு நேர்மாறானது. சூடு ஏற ஏற நீர் அவற்றைக் கைவிடும். பனிக்கட்டி உருகும் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நீர் 14 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான பிராணவாயுவைத் தாங்கும். நமது ஊரின் 30 டிகிரியிலோ ஏழரை மில்லிகிராம் மட்டுமே. அவ்வளவுதான் ஒரு லிட்டர் நீரில் மீனுக்குக் கிடைக்கும் மூச்சு.

வெல்லம் நீரில் கரைந்தவுடன் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு விருந்தாகிறது. அவை அதை உண்டு பெருகும்போது பிராணவாயுவைச் செலவிடுகின்றன. ஒரு கிராம் வெல்லம் முழுதும் இவ்வாறு செலவாக ஏறத்தாழ ஒரு கிராம் பிராணவாயு வேண்டும். அதாவது சுமார் 130 லிட்டர் நீரில் உள்ள மூச்சு அத்தனையும்! ஐம்பது கிராம் அச்சு ஒன்றுக்கு ஆறாயிரம் லிட்டருக்கும் மேல். காற்றிலிருந்து நீருக்குள் பிராணவாயு மறுபடி வந்துகொண்டுதான் இருக்கிறது; பாசிகளும் பகலில் ஓரளவு தருகின்றன. எனினும் அசையாத நீரில் வரவு மெதுவானது, இரவில் பாசிகளும் கொடுப்பதை நிறுத்தி எடுக்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் இனிப்பைக் கரைத்தால் வரவு செலவைத் துரத்திப் பிடிக்க முடியுமா? கோடையில் விடியுமுன் ஏதேனும் ஒரு ஏரிக்கரையில் நின்று பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால் அவை விளையாடுகின்றன என்று எண்ணவேண்டாம். நீரின் மேற்பரப்பில் காற்றைத் தொட்டு நிற்கும் மெல்லிய படலத்தில் மிச்சமிருக்கும் மூச்சைத் தேடி வந்திருக்கின்றன.

வழிபாட்டை நிறுத்தும்படி நாம் கூறவில்லை. அப்படிக் கூறும் உரிமையும் எமக்கில்லை. ஒரு சிட்டிகை போதுமே, மீதியைப் பிரசாதமாக விநியோகிக்கலாமே என்பதுதான் நமது யோசனை. அடுத்த அமாவாசையன்று அதே பாட்டியைப் படித்துறையில் காண நேர்ந்தது. மீன், மூச்சு, நூற்றுமுப்பது லிட்டர் எல்லாவற்றையும் பொறுமையுடன் விளக்கினோம். பாட்டியும் பொறுமையுடன் கேட்டார். பிறகு எம்மை ஏற இறங்கப் பார்த்து, "துளி போட்டா வலியும் துளிதானே போகும், வாத்தியாரே?" என்றார்.

எமக்கு உடனே விடை தோன்றவில்லை. பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்த பேத்தி, அதற்குள் ஒரு சிட்டிகையை நீரில் தூவிவிட்டு, மீதி அச்சை முழுதாக வாயில் அடக்கிக்கொண்டு, கன்னம் புடைக்கக் குளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.